ரீஃபண்ட் வருமா, கையிலிருந்து கட்ட வேண்டுமா? முன்கூட்டியே போட்டுப் பார்க்கும் கணக்கு

ஜூலை மாதம் வந்துவிட்டால் அலுவலகத்தில் டீ குடிக்கப் போகும்போது ஒரு கேள்வி கண்டிப்பாக வரும். "உனக்கு வருமான வரியில் எவ்வளவு ரீஃபண்ட்?" பதினெட்டாயிரம் என்று சொல்பவரை எல்லோரும் கெட்டிக்காரர் என்று பார்ப்பார்கள், நான் இருபதாயிரம் கட்டினேன் என்று சொல்பவரைப் பார்த்து "ஆடிட்டர் சரியில்லையோ" என்பார்கள். இரண்டுமே தவறான பார்வை. ரீஃபண்ட் அரசு கொடுக்கும் பரிசு கிடையாது, மீதி வரி கட்டுவது அபராதமும் கிடையாது.

கல்யாண மண்டபத்துக்குக் கொடுக்கும் முன்பணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கரண்டுக்கும் கேஸுக்கும் இவ்வளவு ஆகும் என்று ஒரு தொகையை முதலிலேயே வாங்கிவைத்துக்கொள்வார்கள். விசேஷம் முடிந்து மீட்டரைப் பார்த்து கணக்கு முடிக்கும்போது அதிகமாக ஓடியிருந்தால் மேற்கொண்டு கொடுப்போம், குறைவாக ஓடியிருந்தால் மீதியைத் திருப்பி வாங்கிக்கொள்வோம். வருமான வரியும் இதேதான். ஆண்டு முழுக்க உங்கள் பெயரில் கொஞ்சம் கொஞ்சமாக வரி பிடிக்கப்படுகிறது, ஆண்டு முடிந்தபின் உண்மையான வரி எவ்வளவு என்று கணக்கிடுகிறோம், வித்தியாசம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்து பணம் போகிறது அல்லது வருகிறது. ஆண்டுக்கான மொத்த வரியிலிருந்து ஏற்கெனவே கட்டிய வரியைக் கழித்தால் மிச்சம் வந்தால் நீங்கள் கட்டணும், மைனஸில் போனால் உங்களுக்கு வரணும். இந்த ஒரு கழித்தல் கணக்குதான் முழு விஷயமும்.

அப்படியானால் ஏன் இவ்வளவு பேர் ஜூலை கடைசி வாரத்தில் திகைத்துப்போகிறார்கள்? வரி பிடிக்கும் ஒவ்வொருவரும் உங்கள் வருமானத்தின் ஒரு துண்டை மட்டும்தான் பார்க்கிறார்கள், அதனால்தான். உங்கள் கம்பெனிக்கு அவர்கள் கொடுக்கும் சம்பளம் மட்டும் தெரியும். வங்கிக்கு உங்கள் ஃபிக்ஸட் டெபாசிட் வட்டி மட்டும் தெரியும். நீங்கள் பகுதிநேரமாக வேலை செய்து கொடுக்கும் இடத்துக்கு அந்த பில் மட்டும் தெரியும். இந்தத் துண்டுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்க்கக்கூடியவர், அதுவும் ஆண்டு முடிவதற்கு முன்னாலேயே பார்க்கக்கூடியவர், நீங்கள் ஒருவர்தான்.

எனக்கு இது புரிந்தது முதல்முறை வேலை மாறிய வருஷம். இரண்டு கம்பெனியும் ஒழுங்காக ஃபார்ம் 16 (சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் சான்றிதழ்) கொடுத்தார்கள், இரண்டிலும் வரி சரியாகத்தான் கணக்கிட்டிருந்தார்கள், ஆனால் இரண்டையும் சேர்த்துப் போட்டதும் நான் எதிர்பார்க்காத ஒரு பெரிய தொகையைக் கட்டச் சொன்னது. யார் செய்ததிலும் தவறில்லை, சேர்த்துப் பார்க்க வேண்டிய நான் பார்க்கவில்லை. அந்த மாதம் பட்ட கஷ்டம் வேறு யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இங்கே சொல்லும் எண்கள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானவை, அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை வந்த வருமானத்துக்கு. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தாலும், இந்த ஆண்டின் வருமானத்துக்கு 1961 சட்டப்படிதான் கணக்கு.

முதல் வேலை வருமானத்தைக் கூட்டுவது. சம்பளம் யாருக்கும் மறக்காது. மறப்பது சின்னச் சின்ன வருமானங்கள்: சேமிப்புக் கணக்கு வட்டி, எஃப்டி வட்டி, பங்குகளில் வந்த டிவிடெண்ட், பங்கு அல்லது மியூச்சுவல் ஃபண்ட் விற்ற லாபம், ஊரில் இருக்கும் வீட்டின் வாடகை. இதில் எஃப்டி வட்டியைப் பற்றி நம்மிடம் இரண்டு தவறான நம்பிக்கைகள் உண்டு, இரண்டுமே பணத்தைக் கடிக்கும்.

ஒன்று, "வங்கியில் டிடிஎஸ் பிடிக்கவில்லை, அதனால் வரி இல்லை." டிடிஎஸ் என்பது பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. ஒரு வங்கியில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வட்டியைத் தாண்டினால்தான் டிடிஎஸ் பிடிப்பார்கள், மூத்த குடிமக்களுக்கு அந்த வரம்பு 1 லட்சம். இது பிடித்தத்துக்கான வரம்புதானே தவிர வரிவிலக்கு கிடையாது. மூன்று வங்கிகளில் தலா 40,000 வட்டி வந்தால் எங்குமே டிடிஎஸ் இருக்காது, ஆனால் 1,20,000 ரூபாய் உங்கள் வருமானத்தில் சேர்ந்துவிடும். இரண்டாவது நம்பிக்கை, "டிடிஎஸ்தான் பிடித்துவிட்டார்களே, வரி முடிந்தது." வங்கி பிடிப்பது 10 சதவீதம். நீங்கள் 30 சதவீத அடுக்கில் இருந்தால், 1 லட்சம் வட்டிக்கு உண்மையான வரி செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து 31,200 ரூபாய். வங்கி பிடித்த 10,000 போக 21,200 இன்னும் பாக்கி.

அப்புறம் முதிர்வில் மொத்தமாகப் பணம் தரும் எஃப்டி. அது முடியும்போதுதானே வட்டி கைக்கு வருகிறது, அப்போது காட்டிக்கொள்ளலாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் வங்கி ஒவ்வொரு ஆண்டும் சேர்ந்த வட்டியைக் கணக்கில் எடுத்து அதற்கு அந்தந்த ஆண்டே டிடிஎஸ் பிடித்துவிடுகிறது. நீங்களும் ஆண்டுதோறும் காட்டிவிடுவதுதான் நல்லது, இல்லையென்றால் ஐந்து வருஷ வட்டி ஒரே ஆண்டில் வந்து விழுந்து உங்களை மேல் அடுக்குக்குத் தள்ளிவிடும்.

இரண்டாவது வேலை கழிப்பது. வரி கணக்கிடப் புதியது, பழையது என்று இரண்டு முறைகள் உண்டு, விருப்பப்படி ஒன்றை எடுக்கலாம். புதிய வரி முறையில் இருந்தால் கழிப்பதற்கு அதிகம் இல்லை, சம்பளமோ பென்ஷனோ வாங்குபவருக்கு நிலையான கழிவு 75,000, அவ்வளவுதான் பெரும்பாலானவர்களுக்கு. பழைய முறையில் நிலையான கழிவு 50,000, அதோடு சேமிப்பு, முதலீடுகளுக்கான 80சி பிரிவில் 1.5 லட்சம் வரை, மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம், வாடகைப் படி, வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம் வரை என்று நீளும். எந்த முறை உங்களுக்கு லாபம் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறைதான் எடுத்துக்கொள்ளப்படும் என்பதும், பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன், அதாவது வருமானக் கணக்கு அறிக்கை, தாக்கல் செய்தாக வேண்டும் என்பதும்தான்.

மூன்றாவது, அடுக்குகளின்படி வரி. புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு ஒன்றும் இல்லை. 4 முதல் 8 வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, அதற்கு மேல் 30 சதவீதம். வருமானம் முழுவதற்கும் ஒரே சதவீதம் கிடையாது, படிக்கட்டு மாதிரி ஒவ்வொரு படியில் நிற்கும் தொகைக்கும் அந்தப் படியின் சதவீதம். வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 60,000 ரூபாய் வரை தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்ஜியமாகிவிடும். சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை என்று சொல்வது 75,000 கழிவையும் சேர்த்துத்தான்.

12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டினால் என்ன ஆகும் என்று பயப்படுகிறவர்கள் நிறைய. அதற்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. வரிக்குரிய வருமானம் 12,10,000 என்றால் அடுக்குப்படி வரி 61,500 வரும், ஆனால் 12 லட்சத்துக்கு மேல் நீங்கள் சம்பாதித்ததே 10,000 தான் என்பதால் வரியும் 10,000-க்கு மேல் போகாது. 12.7 லட்சத்தைத் தாண்டும்வரை இந்தச் சலுகை வேலை செய்யும். கடைசியில் வரும் வரித்தொகையின் மேல் 4 சதவீதம் செஸ். வருமானம் 50 லட்சத்தைத் தாண்டியவர்களுக்கு சர்சார்ஜ் என்று ஒன்று கூடுதலாக உண்டு, அவர்களுக்கு எப்படியும் ஆடிட்டர் இருப்பார்.

சரி, இப்போது வேலை மாறியவர் கணக்கைப் போடுவோம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு கம்பெனியில் மாதம் 90,000, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொரு கம்பெனியில் மாதம் 1,40,000. முதல் கம்பெனி, இவர் ஆண்டு முழுக்க இங்கேயே இருப்பார் என்று நினைத்து 10.8 லட்சம் என்று கணக்கிட்டு, 75,000 கழித்து, 12 லட்சத்துக்குள் இருப்பதால் ஒரு ரூபாயும் பிடிக்கவில்லை. இரண்டாவது கம்பெனிக்குப் பழைய சம்பளத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, ஆறு மாதத்துக்கு 8.4 லட்சம்தானே என்று அவர்களும் 75,000 கழித்து, ஒன்றும் பிடிக்கவில்லை. இருவரும் செய்தது அவரவர் பார்வையில் சரி. ஆனால் மொத்தச் சம்பளம் 5.4 லட்சமும் 8.4 லட்சமும் சேர்த்து 13.8 லட்சம். 75,000 கழிவு ஒரு தடவைதான் கிடைக்கும், இரண்டு கம்பெனி என்பதற்காக இரண்டு தடவை கிடைக்காது. ஆக 13.05 லட்சம். அதோடு எஃப்டி வட்டியும் சேமிப்புக் கணக்கு வட்டியும் சேர்ந்து 40,000, எதற்கும் டிடிஎஸ் இல்லை. வரிக்குரிய வருமானம் 13.45 லட்சம்.

வரி எவ்வளவு? 4 முதல் 8 லட்சம் வரை 20,000. 8 முதல் 12 வரை 40,000. அதற்கு மேல் இருக்கும் 1,45,000-க்கு 15 சதவீதம் 21,750. மொத்தம் 81,750, செஸ் 3,270 சேர்த்து 85,020 ரூபாய். ஏற்கெனவே கட்டியது பூஜ்ஜியம். ஆக முழுத் தொகையும் கையிலிருந்து. இதோடு நிற்காது. டிடிஎஸ் போக பாக்கி வரி 10,000 ரூபாயைத் தொட்டாலே ஆண்டுக்குள்ளேயே அதை அட்வான்ஸ் டாக்ஸாகக் கட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். கட்டாமல் ஜூலையில் கட்டினால் ஏப்ரலிலிருந்து மாதம் 1 சதவீதம் வட்டி, நான்கு மாதத்துக்கு 3,400. ஆண்டுக்குள் கட்டவேண்டிய நான்கு தவணைகளையும் தவறவிட்டதற்குத் தனி வட்டி ஏறத்தாழ 4,300. எல்லாம் சேர்த்து 92,700-ஐத் தொடுகிறது.

அக்டோபரில் புதிய கம்பெனியில் சேர்ந்த அன்றே பழைய சம்பள விவரத்தை 12பி படிவத்தில் கொடுத்திருந்தால் இவ்வளவு தொகை ஒரே நாளில் வந்து நிற்காது, அவர்களே மிச்ச ஆறு மாதச் சம்பளத்தில் பிரித்துப் பிடித்திருப்பார்கள். வேலை மாறுகிற தம்பி தங்கைகள் எல்லோரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றைத்தான்.

ரீஃபண்ட் பக்கம் வருவோம். மதுரையில் தனியாக ஆலோசனை வேலை பார்க்கும் ஒரு சிவில் இன்ஜினியர். ஆண்டில் 9 லட்சத்துக்கு பில் போட்டிருக்கிறார், எல்லாம் வங்கி வழியாகவே வந்தது, கட்டுமான நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீதம் பிடித்து 90,000 ரூபாய் அவர் பான் எண்ணில் கட்டிவிட்டார்கள். அவருடைய தொழிலுக்கு 44ஏடிஏ பிரிவின்படி வந்த தொகையில் பாதியை வருமானமாகக் காட்டலாம். உண்மையில் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால் மிஞ்சிய அந்த முழுத் தொகையைத்தான் காட்ட வேண்டும். இவருக்கு பாதிதான் மிஞ்சியது என்று வைத்துக்கொள்வோம், அதாவது 4.5 லட்சம். வேறு வருமானம் இல்லை. புதிய முறையில் தள்ளுபடி போக வரி பூஜ்ஜியம். பிடித்த 90,000-மும் திரும்பி வரும். ரிட்டர்ன் போடவில்லையென்றால் அது வரவே வராது. "எனக்குத்தான் வரியே இல்லையே, எதுக்கு ரிட்டர்ன்?" என்று கேட்கும் பலர் இப்படித்தான் தங்கள் பணத்தை விட்டுவிடுகிறார்கள்.

அம்மா அப்பாவின் கணக்கையும் ஒருமுறை பாருங்கள். பென்ஷன் 3 லட்சம், ஒரே வங்கியில் எஃப்டி வட்டி 1.8 லட்சம் என்றால் வங்கி 18,000 பிடித்திருக்கும். 75,000 கழிவு போக வருமானம் 4,05,000, வரி ஒன்றும் இல்லை, 18,000 முழுக்கத் திரும்ப வரும். ஆண்டின் தொடக்கத்திலேயே வரி வராது என்று மூத்த குடிமக்கள் எழுதிக்கொடுக்கும் 15எச் படிவத்தைக் கொடுத்திருந்தால் பிடித்தமே இருந்திருக்காது. அவர்களுக்கு மாதச் செலவுக்கு வேண்டிய பணம் ஒரு வருஷத்துக்கு மேல் வேறிடத்தில் கிடக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம். வங்கிக் கவுன்ட்டரில் ஐந்து நிமிட வேலை அது.

பங்கு விற்றவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். இங்கே வசிப்பவர்களுக்குப் பங்கு விற்ற லாபத்தில் டிடிஎஸ் பிடிப்பதில்லை, அதுமட்டுமல்ல, 12 லட்சம் வரையிலான தள்ளுபடியும் அந்த லாபத்தின் வரிக்குக் கிடைக்காது. சம்பளம் 10 லட்சம், ஒரு வருஷத்துக்குள் வாங்கி விற்ற பங்கில் லாபம் 60,000 என்று வையுங்கள். சம்பளத்துக்கு வரி பூஜ்ஜியம். பங்கு லாபத்துக்கு 20 சதவீதம் 12,000, செஸ்ஸோடு 12,480 கட்டியே ஆகவேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 1.25 லட்சம் லாபம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம்.

இந்தக் கணக்கை எப்போது போடுவது? ஜூலையில் போட்டால் முடிவு தெரியும், ஆனால் எதையும் மாற்ற முடியாது. ஜனவரியில் போடுங்கள். அதற்குள் ஒன்பது, பத்து மாதச் சம்பளச் சீட்டு கையில் இருக்கும், மிச்சத்தை ஊகிப்பது சுலபம். பாக்கி வரும் என்று தெரிந்தால் சம்பளக்காரர்களுக்கு எளிய வழி, மற்ற வருமானத்தையும் கம்பெனியிடமே சொல்லி கடைசி மாதங்களில் கூடுதலாகப் பிடிக்கச் சொல்வது. இல்லையென்றால் நாமே வருமான வரி இணையதளத்தில் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டலாம். ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுதும் என்பது தவணை. மார்ச் 31-க்குள் கட்டினாலும் அட்வான்ஸ் டாக்ஸாகவே எடுத்துக்கொள்வார்கள், கடைசித் தவணைக்கான சின்ன வட்டி மட்டும் வரும். தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்கு இந்தத் தவணைத் தொல்லை கிடையாது.

ஏற்கெனவே எவ்வளவு கட்டியாகிவிட்டது என்பதை ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். வருமான வரி இணையதளத்தில் 26ஏஎஸ், ஏஐஎஸ் என்று இரண்டு அறிக்கைகள் இருக்கின்றன. உங்கள் பான் எண்ணில் யார் எவ்வளவு பிடித்துக் கட்டினார்கள் என்பது முதலாவதில். வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை என்று துறைக்குத் தெரிந்த எல்லாம் இரண்டாவதில். பில்லில் 10 சதவீதம் பிடித்துவிட்டு உங்கள் பெயரில் கட்டாமல் விட்டிருந்தாலோ, பான் எண்ணை ஒரு எழுத்து மாற்றிப் போட்டிருந்தாலோ, அது 26ஏஎஸ்-இல் வராது. அதில் வராத தொகையை நம்பி ரீஃபண்ட் கேட்டால் இழுபறிதான், பிடித்தவர்களிடம் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த வரியின் விவரத்தை அவர்கள் தாக்கல் செய்ய மே 31 வரை நேரம் இருக்கிறது, ஆகவே ஏப்ரலில் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லையே என்று பதற வேண்டாம். ஜூன் பாதியில் பார்த்தால் படம் முழுசாக இருக்கும். ரிட்டர்ன் தாக்கல் செய்யச் சம்பளக்காரர்களுக்கு ஜூலை 31 வரை அவகாசம் இருக்கிறது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. "உங்களுக்கு ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், வருவதில் இத்தனை சதவீதம் கொடுத்தால் போதும்" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். கட்டாத வாடகை, கொடுக்காத நன்கொடை, வாங்காத கடன் என்று எதையாவது கழிவில் போட்டு ரீஃபண்ட் வரவைத்துவிடுவார்கள். 2025 ஜூலையில் வருமான வரித்துறை இப்படிப்பட்டவர்களைக் குறிவைத்து நாடு முழுக்க சோதனை நடத்தியது. மாட்டினால் திருப்பிக் கட்ட வேண்டியவர் நீங்கள்தான், வட்டியோடு, ஏய்த்த வரியைப்போல இரண்டு மடங்கு அபராதத்தோடு. பழக்கப்பட்டவர், பக்கத்து ஊர்க்காரர் என்பதற்காக பாஸ்வேர்டைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுவைத்திருந்தால், அவர் சொல்லும் தொகை எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றும்.

கட்ட வேண்டியது வந்தால் இணையதளத்திலேயே கட்டி, சலான் விவரம் ரிட்டர்னில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தாக்கல் செய்யுங்கள். ரீஃபண்ட் என்றால் வங்கிக் கணக்கு தளத்தில் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும், பெயர் பானில் இருப்பதுபோலவே வங்கியிலும் இருக்க வேண்டும். தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலமாகவோ வேறு வழியிலோ இ-வெரிஃபை செய்யாவிட்டால், அதாவது ரிட்டர்ன் உங்களுடையதுதான் என்று உறுதிசெய்யாவிட்டால், ரிட்டர்னே போடாத மாதிரிதான், பலருடைய ரீஃபண்ட் நிற்பது இந்த இடத்தில். பழைய ஆண்டு வரி பாக்கி ஏதாவது இருந்தால் தகவல் அனுப்பிவிட்டு இந்த ரீஃபண்டில் கழித்துக்கொள்வார்கள். "உங்கள் ரீஃபண்ட் தயார், இந்த லிங்கைத் தொடுங்கள்" என்று வரும் எஸ்எம்எஸ் எதையும் தொடாதீர்கள், பணம் நீங்கள் கொடுத்த கணக்குக்குத் தானாகவே வரும், துறை யாரிடமும் பின் நம்பர் கேட்பதில்லை.

சரியான நேரத்தில் தாக்கல் செய்தவர்களுக்கு டிடிஎஸ் ரீஃபண்டின் மேல் ஏப்ரல் 1 முதல் மாதம் அரை சதவீதம் வட்டியும் கிடைக்கும், ரீஃபண்ட் தொகை மொத்த வரியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருந்தால். அந்த வட்டிக்கும் வரி உண்டு, ஆகவே பணம் வந்த அன்றே அதில் வட்டி எவ்வளவு என்று பார்த்து அடுத்த ஆண்டுக்கான வருமானத் தாளில் முதல் வரியாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.